பட்டணத்து அம்மாள் விட்டுப்போன சாமான்

போன வாரம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருத்தி, டாக்டர் தன்னைப் பார்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னதாகவும், அது வாயில் வைக்க முடியவில்லை என்றும் சொன்னாள். எல்லோரும் சிரித்தீர்கள். நான் எழுந்து பிரகாரம் சுற்றப் போய்விட்டேன். முழங்கால் வலிக்காரி எதற்கு இன்னொரு சுற்றுப் போகிறாள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் வயதில் எழுதினால்தான் முழுதாகச் சொல்ல முடிகிறது. வாயால் சொன்னால் பாதியில் யாராவது மருந்துச் சீட்டை எடுத்து நீட்டிவிடுகிறீர்கள்.

யுத்தம் நடந்த வருஷம். எனக்கு ஒன்பது வயது. பொன்னமராவதிக்கு அந்தாண்டை, கண்மாயை ஒட்டி எங்கள் வீடு. அப்பா ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலை பார்த்துக் கட்டிய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், கீழ்ப்புறம் இரண்டு அறை, மேல்புறம் இரண்டு அறை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா ஒருமுறை வந்தார். திரும்பிப் போகும்போது, பன்னிரண்டு வயது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார். மில்லில் கூடமாட இருந்து தொழில் பழகட்டும் என்றார். அண்ணன் வண்டியில் ஏறியபோது எனக்குக் கை காட்டவில்லை. அழுதுவிடுவோம் என்று பயந்து மறுபக்கம் திரும்பிக்கொண்டான் என்று ஆத்தா பிறகு சொன்னாள்.

அதற்கப்புறம் அவ்வளவு பெரிய வீட்டில் ஆத்தாவும் நானும் மட்டும். மாதம் ஒரு தபால் வரும். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான் என்று செய்தி வந்ததிலிருந்து அதுவும் நின்றுபோயிற்று.

அதே குண்டுக்குப் பயந்துதான் பட்டணத்திலிருந்து சனங்கள் கிராமங்களுக்கு ஓடிவந்தார்கள். எங்கள் மேல்புறத்து அறைகளுக்கு மாசி மாதம் ஓர் அம்மாளும் அவள் மகளும் வந்தார்கள். வீட்டுக்காரர் பட்டணத்திலேயே ஆபீஸ் பார்த்துக்கொண்டு, எப்போதாவது வந்து போவார். அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டாள். வெளியே போகமாட்டாள். பகலிலும் மேல்புறத்துக் கதவு பாதி சாத்தியே இருக்கும். "பட்டணத்துக்காரி, தலைக்கனம்" என்று தெருவில் முடிவு கட்டிவிட்டார்கள். ஆத்தாவும் அப்படித்தான் நினைத்தாள்.

மகளுக்கு என் வயதுதான். ஆத்தா அவளோடு சேரவேண்டாம் என்றாள். ஆனாலும் ஆத்தா கண்மாய்க்குப் போன நேரமெல்லாம் நாங்கள் முற்றத்தில் தாயம் ஆடினோம். அவள் கால்களை நீட்டி உட்கார்ந்து, தோற்றால் உதட்டைக் கடித்துக்கொள்வாள். என் வாழ்க்கையில் எனக்காக ஒருத்தி காத்திருந்தது என்றால் முதலில் அவள்தான். ஆத்தா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதும், மேல்புறத்துக் கதவிடுக்கில் ஒரு கண் தெரியும்.

ஒருநாள் அவள் கேட்டாள்.

"நீங்க ஏன் ராத்திரி அடுப்பு மூட்டறதில்ல?"

"பகல்ல ஆக்குன கேப்பக் கூழு இருக்குல்ல, அதான்" என்றேன்.

அவள் அதைப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கவேண்டும். மறுநாள் காலையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய உப்புமாவை எடுத்துக்கொண்டு வந்தாள். நெய் வாசனை முற்றம் முழுக்க வந்தது. ஆத்தா மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கொல்லையில் நான்கு முருங்கைக்காய் பறித்து, சட்டியின் மேல் வைத்து, "ஒங்கம்மாட்ட குடுத்துரு. நாங்க இப்பத்தான் சாப்புட்டோம்னு சொல்லு" என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். நாங்கள் சாப்பிட்டிருக்கவில்லை. நான் அந்தத் தூக்குச்சட்டி முற்றத்தைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனி மாதக் கடைசியில், பட்டணத்தில் பயம் தெளிந்துவிட்டது, எல்லோரும் திரும்புகிறார்கள் என்று வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டு வண்டி வந்தது. அந்த அம்மாள் கையில் ஒரு சாவியோடு எங்கள் பக்கம் வந்தாள். அவள் எங்கள் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"வண்டியில எடம் இல்லைங்க. சமையல் சாமானெல்லாம் அந்தச் சின்ன அறையில அப்படியே இருக்கு. விட்டா பூச்சி பிடிச்சிடும். நீங்கதான் எடுத்துப் புழங்கித் தீர்க்கணும்."

"இருக்கட்டுங்க. எப்ப வந்தாலும் அப்படியே இருக்கும். வந்து எடுத்துக்கங்க" என்றாள் ஆத்தா.

"நாங்க வரமாட்டோமுங்க."

"அதெப்படிங்க, அடுத்தவுக சாமான நாங்க தொடுறது" என்றாள் ஆத்தா. சாவியை வாங்கிச் சாமி படத்துக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டிவிட்டாள். வண்டி தெருமுனை திரும்பியதும், "திங்க மாட்டாம போட்டுட்டுப் போறதைப் பொறுக்கித் திங்க நாம என்ன பிச்சக்காரவுகளா" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் என்ன கேட்டேன்? நான் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வண்டியில் இரண்டு படுக்கைச் சுருட்டும் ஒரு தையல் மிஷினும் மட்டும் இருந்தன. மற்ற இடத்தில் என் தாயத் தோழி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடமில்லாமல் இல்லை. ஆத்தாவும் அதைப் பார்த்தாள். அவளுக்கு அது திமிராகப் பட்டது. அந்த அம்மாள் வேறு எப்படித்தான் கொடுத்திருக்க முடியும் என்று எனக்குப் புரியவே முப்பது வயது ஆகவேண்டியிருந்தது.

ஆடி பிறந்ததும் ஆத்தா கடலைக்குக் களை வெட்டப் போக ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். ரங்கூன்காரர் பெண்சாதி கூலிக்குப் போகிறாள் என்பார்கள். அதனால் கருக்கலிலேயே கிளம்பி, ஆறேழு மைல் நடந்து வேறு ஊருக்குப் போனாள். களைக்கொட்டைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வாள். "யாராச்சும் கேட்டா மாமன் வீட்டுக்குப் போயிருக்குன்னு சொல்லு. வாசலத் தாண்டாத" என்பாள். நான் வாசலைத் தாண்டவில்லை. தாண்டினால் யாராவது கேட்பார்கள், பொய் சொல்லவேண்டி வரும்.

அந்தப் பகல்கள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன். முற்றத்தில் வெயில் மேல்சுவரிலிருந்து கீழ்ச்சுவருக்கு நகரும். அதற்குள் நான் கூழைக் குடித்துவிடுவேன், முற்றத்தைக் கூட்டிவிடுவேன், தாயக்கட்டம் வரைந்து இரண்டு பேருக்கும் நானே ஆடிவிடுவேன். அப்புறமும் வெயில் பாதிச் சுவரில்தான் நிற்கும். ஆடிக்காற்றில் ஓட்டுக்கு இடையே புகுந்த மண் தலையில் உதிரும். யாருடைய குரலையாவது கேட்கவேண்டும் போலிருந்தால் கொல்லையிலிருந்த உப்புக் கிணற்றுக்குள் குனிந்து என் பெயரை நானே கூப்பிடுவேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி ஆணியிலிருந்த சாவியை எடுத்தேன். பசி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் அந்த அறைக்குள் போய் நின்றது பசிக்காக இல்லை. அங்கே அவர்கள் வாசனை இருந்தது. காப்பிப் பொடியும், ஏலக்காயும், அந்த அம்மாள் பூசிக்கொள்ளும் ஏதோ ஒரு பவுடரும் கலந்த வாசனை. இரண்டு பலகைத் தட்டுகளில் கண்ணாடி ஜாடிகளும் டப்பாக்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. சீனி. ரவை. சேமியா. ஜவ்வரிசி. பார்லி. பிஸ்கட். எலுமிச்சங்காய் ஊறுகாய். அந்தப் பெண்ணின் கையெழுத்து. தவறான இடத்தில் புள்ளி வைத்து, அடித்துத் திருத்தியிருந்தாள். நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன்.

பிறகு சீனியில் விரலை வைத்தேன்.

மறுநாளிலிருந்து அதுவே வேலையாயிற்று. ஆத்தா போனதும் சாவியை எடுப்பேன். கொல்லையில் இரண்டு பூவரச இலை பறித்துவந்து, எதிரும் புதிருமாகப் போடுவேன். ஒன்று எனக்கு, ஒன்று அந்தப் பெண்ணுக்கு. ஆளுக்கு ஒரு பிஸ்கட், ஆளுக்கு ஒரு சிட்டிகை சீனி, ஊறுகாய் ஒரு துண்டு. "ஒனக்குப் போதுமா? இன்னங் கொஞ்சம் வச்சுக்க" என்று அவளை உபசரிப்பேன். என்னுடையதைத் தின்பேன். கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருப்பேன். பிறகு, "நீ திங்கலையா? வீணாப் போயிருமே" என்று அவளுடையதையும் தின்றுவிடுவேன். ஜாடியைக் குலுக்கி மேல்மட்டத்தைச் சமப்படுத்தி வைப்பேன். கெட்டிப்பால் டப்பாவில் ஆணியால் இரண்டு துளை போட்டு உறிஞ்சினேன். அந்த இனிப்பு தொண்டையில் இறங்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். துளைகளைப் புளி உருண்டையால் அடைத்தேன். ஜவ்வரிசியைப் பச்சையாக மென்று பார்த்தேன், பல்லில் ஒட்டியது. பார்லி மாவை ஒரு வாய் போட்டேன், புழுதி மாதிரி இருந்தது. துப்பிவிட்டு, இறுக்கி மூடி, அதற்கப்புறம் தொடவேயில்லை.

ஆவணியில் பிஸ்கட் டப்பாவில் இரண்டுதான் மிச்சம். அன்றைக்கு உச்சிப்பொழுதில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். தாடி, கிழிந்த காக்கிக் கோட்டு, கோணி சுற்றிய கால்கள். பிச்சைக்காரர் என்று நினைத்தேன்.

"ஆத்தா இல்ல. மாமன் வீட்டுக்குப் போயிருக்கு. அங்கிட்டுப் போயிட்டு அப்பறம் வாங்க."

அவர் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"தண்ணி குடு ஆத்தா" என்றார்.

செம்பில் கொடுத்தேன். அவசரமாகக் குடித்ததில் பாதி கோட்டில் கொட்டியது. பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு பிஸ்கட்டை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் அதைச் சரிபாதியாக உடைத்தார். ஒரு பாதியை வாயில் போட்டு, மற்றதைத் துண்டு நுனியில் முடிந்துகொண்டார். பிறகு என் முகத்தையே பார்த்தார்.

"என்னையத் தெரியலையாத்தா? நாந்தான் ஒங்கப்பன்."

எனக்குத் தெரியவில்லை. நான் முற்றத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பொழுது சாயும்வரை அவர் நிலைப்படியிலும் நான் தூணுக்குப் பின்னாலும் இருந்தோம்.

ஆத்தா வந்தாள். வாசலிலேயே நின்றாள். களைக்கொட்டு சேலையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெரியவன் எங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கங்க? பின்னால வாரானா?"

"காச்சல்ல போயிட்டான்" என்றார் அப்பா. அவ்வளவுதான். அண்ணனைப் பற்றி அதற்கு மேல் ஆத்தாவிடம் அவர் எப்போதும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. ஒன்றரை மாதம் அவள் கட்டிக் காத்த மாமன் வீட்டுப் பொய், வாசலில் கிடந்த களைக்கொட்டோடு அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அப்பாவுக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கூழும் தங்கவில்லை, சோறும் தங்கவில்லை. பொன்னமராவதியிலிருந்து வந்த கம்பவுண்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பார்லிக் கஞ்சி மட்டும் குடுங்க. வேற எது குடுத்தாலும் ஆள் நிக்காது" என்று சொல்லிப் போனார். ஆத்தா கடைத்தெரு முழுக்க அலைந்தாள். யுத்த காலத்தில் பார்லிக்கு எங்கே போவது? வெறுங்கையோடு வந்து, சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அறையைத் திறந்தபோது நான் கதவோரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். சீனி ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு விரல்கடை இருந்தது. பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினாள். ஒன்று மட்டும் உருண்டது. பால் டப்பாவின் புளி அடைப்பை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். மூலையில் காய்ந்துகிடந்த பூவரச இலைகளைப் பார்த்தாள். இரண்டு இரண்டாகக் கிடந்தன.

"யாரடி கூட்டியாந்த?"

"யாரும் வரல."

"இம்புட்டையும் நீ ஒருத்தியாவா தின்ன?"

"ஆமா."

விளக்குமாறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பார்லி என்று ஒட்டியிருந்த டப்பாவைத் திறந்தாள். விளிம்புவரை இருந்தது. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த மகராசி நல்லாருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். விலாசம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று பிறகு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளும் மகளும் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கஞ்சி அப்பாவுக்கு நின்றது. ஆனால் எவ்வளவு கொடுத்தாலும் பாதிதான் குடிப்பார். மீதியை வேறு கிண்ணத்தில் ஊற்றி, தட்டால் மூடி, சுவரோரம் தள்ளி வைப்பார். "குடலு சுருங்கிப்போச்சு போல" என்றாள் ஆத்தா. சாயங்காலம் அந்தக் கிண்ணத்தை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் கொட்டுவாள். அவள் கொட்டும்போது அப்பாவின் முகத்தை அவள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் அதுவரை பேச்சில்லை. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், நான் தூணடியில் இருப்பேன். முன்பு வீட்டில் தனியாக ஒருத்தி. இப்போது தனித்தனியாக மூன்று பேர்.

சுவரோரம் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் இரண்டாவது இலை ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் ஆத்தா விறகு பொறுக்கப் போயிருந்தாள். நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மற்றக் கிண்ணத்தில் ஊற்றினார்.

"அது அண்ணனுக்காப்பா?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. பிறகு என்னைப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்தே சொன்னார்.

"பர்மாவுலேருந்து மலையில நடந்து வாரப்ப ஒரு தேங்காச் செரட்டச் சோறுதான் கெடைக்கும், ரெண்டு பேருக்கும். அதும் தெனம் கெடைக்காது. அவன் ரெண்டு வாய் தின்னுட்டு, எனக்குப் பசிக்கலப்பா, நீங்க தின்னுங்கம்பான். நெசம்னு நம்பிட்டேன்த்தா. சின்னப்பய வயிறுதானேன்னு நெனச்சேன். தெனம் அவன் மிச்சத்தத் தின்னுட்டுத்தான் நான் நடந்தேன்."

ஒரு கை மண் ஓட்டிலிருந்து உதிர்ந்தது. அவர் கிண்ணத்தின் மேல் தட்டை மூடினார்.

"கடைசி அன்னைக்கும் வச்சிருந்தான். அவன ஒரு மரத்தடியில கெடத்தி, கல்ல அடுக்கிட்டுத் திரும்பி வாரேன், செரட்டையில பாதி அப்படியே இருக்கு. அவன் வச்சிட்டுப் போனது. அதையும் நான்தான்..."

அழவில்லை. தட்டின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது வயதுக்காரிக்கு என்ன சொல்லத் தெரியும்? பெரியவர்கள் யாராவது இருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். விதி என்றிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் அவர் கையை நகர்த்திவிட்டுக் கிண்ணத்தை எடுத்தேன்.

"எனக்குப் பசிக்குதுப்பா" என்றேன்.

புழுதி மாதிரியே இருந்தது. ஆறிப்போய், ஆடை கட்டி, உப்பில்லாமல். ஒரே மூச்சில் குடித்தேன். குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். அப்பா என் வாயைத் துண்டால் துடைத்துவிட்டார். வந்ததிலிருந்து அவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். டப்பாவில் பார்லி தீர்ந்தது. ரவைக்கஞ்சி, ஜவ்வரிசிக்கஞ்சி என்று பட்டணத்து அம்மாளின் ஜாடிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் எங்கள் சோற்றுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா எழுந்து நடமாடினார், கண்மாய்க்குக் கீழே குத்தகைக்கு நிலம் பார்த்தார். ஆனால் இலையில் பாதியை ஒதுக்குவது மட்டும் நிற்கவில்லை. அவர் ஒதுக்கியதும் நான் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஆத்தாவுக்கு ஆத்திரமாக வரும். "ஏடி, இப்பத்தானே ஒரு வட்டில் சோறு தின்ன? அந்த மனுசன் ஒடம்பு தேறட்டும்னு போட்டா அதையும் பிடுங்கிக்கிறியே, பறக்காவெட்டி!"

"விடு. சாப்புடட்டும்" என்பார் அப்பா.

அவளிடம் சொல்லலாமா என்று நான் யோசித்ததுண்டு. சொன்னால், மலையில் அண்ணன் பசியோடு நடந்தான் என்பதையும் சொல்லவேண்டி வரும். காய்ச்சலில் போனான் என்று அவள் எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அதனால் அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களிடம்கூட அவள் சிரித்துக்கொண்டே எச்சரித்தாள். "வேலையில ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க. சாப்பாட்டுலதான் கொஞ்சம் ஆலாப் பறப்பா. சின்னப்புள்ளையில அவுக அப்பன் எலையில இருந்ததையே பிடுங்கித் தின்னவ."

வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.